ஆர்மான் அப்பாவின் படம்

தலத்தெருவில் நாங்கள் குடியிருந்த வீட்டில் மழைக்காலம் வந்தால் சுவரெல்லாம் ஓதம் ஏறிப் பூசணம் பிடிக்கும். என் மகளுக்கு அதனால் மூச்சு இழுப்பு வந்தது. சுவரைப் பூசித் தரச் சொல்லி, வீட்டுக்காரரான, பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன் வாங்கும் ஆர்மானிடம் மூன்று வருஷம் நடந்தேன்.

"கடலோரம்னா ஓதம் இருக்கத்தான் சார் செய்யும். சன்னலத் தொறந்து வைங்க" என்பார்.

1981 தையில் ஒருநாள் அவரே வந்தார். கூடத்தில் அவர் மாட்டிவிட்டுப் போயிருந்த, பட்டாள உடுப்பில் இருக்கும் அவர் அப்பாவின் படத்தில் மீசை வரைக்கும் பூசணம்.

"மனுசன் இருக்குற வீடா சார் இது?" என்று படத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"அதத்தாங்க நானும் சொல்றேன். பாப்பாவுக்கு இழுப்பு நிக்கல."

"பாப்பாவுக்கு மருந்து குடுக்கலாம். எங்கப்பாவுக்கு என்னத்தக் குடுக்குறது?"

படத்தோடு ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டார்.