நாகஜோதி எழுதிய வரவேற்பு

மஹ்ஜபீன் வரைந்த முதல் மாவுப்பூச்சி ‘தொட்டிச்செடி’ வலைப்பூவில் வெளியான வியாழக்கிழமை, அதைப் படித்தவர்கள் யாருடைய செடியிலும் மாவுப்பூச்சி மிச்சமில்லை. அத்தனையும் திண்டுக்கல் ஆர்.எம். காலனியில், நாகஜோதியின் வீட்டுச் சமையலறைச் சுவரைப் பார்த்துக் கிளம்பியிருந்தன. அன்று சந்தையில் தக்காளி கிலோ இருபத்தெட்டு ரூபாய்க்கு விற்றது. காலையில் லேசான தூறல் இருந்தது.

நாகஜோதி ஒரு பல் மருத்துவரிடம் பத்தொன்பது வருடமாக உதவியாளர் வேலை பார்க்கிறவள். ஊரில் பாதிப் பேரின் கடைவாய்ப் பற்களைப் பார்த்தாகிவிட்டது. சொத்தை, சீழ், ரத்தம் எதற்கும் முகம் சுளித்ததில்லை. ஆனால் பூச்சி என்றால் அடிவயிற்றிலிருந்து புரட்டிக்கொண்டு வரும். கீரைக்கட்டில் ஒரு புழு நெளிந்தால் கட்டோடு வீசிவிட்டு ஒரு மாதத்துக்கு அந்த வீட்டில் கீரை கிடையாது. அப்படிப்பட்டவள் பதினோரு வருடமாகத் தோட்டத்தைப் பற்றி எழுதிவந்ததற்குக் காரணம் அவள் கணவன் இளஞ்செழியன். ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்க்கும் அவன், தினமும் விடிந்ததும் மொட்டைமாடிக்குப் போய் இலைகளைப் புரட்டிப் பார்த்து, ஊர்வதையெல்லாம் பொறுக்கி அப்புறப்படுத்திவிட்டுத்தான் ‘நீ வரலாம்’ என்று குரல் கொடுப்பான். அவள் ஏறி வந்து செம்பருத்தியைப் படம் எடுப்பாள். பூச்சியின் பெயரைக்கூட அவள் எழுதியதில்லை. ‘அது வந்தால் வேப்பெண்ணெய் அடியுங்கள்’ என்று எழுதுவாள். வாசகர்கள் ‘மேடம், எது வந்தால்?’ என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், வீடியோ போடுகிறவர்களிடம் போய்விட்டார்கள். மல்லிகையைக் கிளை நறுக்கிக் கவாத்து செய்வது பற்றி அவள் இரண்டு வாரம் உழைத்து எழுதிய கட்டுரையைப் பதினோரு பேர் திறந்து பார்த்தார்கள். அதில் மூன்று தடவை திறந்தது அவளேதான்.

அந்தச் சமயத்தில்தான் இளஞ்செழியன் பேகம்பூரிலிருந்து பிரியாணிப் பொட்டலமும் அதோடு ஒரு பில்லும் கொண்டுவந்தான். பில்லின் பின்பக்கம், வக்கீல் கோட்டு போட்ட ஒரு கரப்பான் கோழிக்காலைக் கூண்டில் நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தது. கடைக்காரர் நூர் முகமதுவின் மகள் மஹ்ஜபீன் கல்லாவில் உட்கார்ந்தபடி வரைந்தது.

“இந்தப் புள்ளயக் கூப்புடு. நீ எழுத மாட்டேங்கறத அது வரைஞ்சிரும்” என்றான்.

நாகஜோதி அந்தத் தாளை ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்து வெளியே போட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கு அவளுக்குப் பிரியாணி இறங்கவில்லை. என்றாலும் பதினோரு பேர் என்ற எண்ணிக்கை அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் சொல்லி அனுப்பினாள்.

மஹ்ஜபீனுக்கு இருபத்தேழு வயது. சத்தமாகச் சிரிக்கிற பெண். வந்தவள் சாப்பாட்டு மேசையிலேயே நோட்டை விரித்தாள். ஒரு பக்கம் முழுக்க ஒற்றை மாவுப்பூச்சி. அதன் வெள்ளைப் பிசுபிசுப்பு, ஓரங்களில் மெழுகு மயிர், இளஞ்சிவப்பாகத் துருத்திய வயிறு எல்லாம் அப்படியே இருந்தன. முகம் மட்டும் ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கிற குமாஸ்தாவுடையது, மூக்கு நுனியில் கண்ணாடியோடு. “எப்புடிக்கா இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே அவள் முறுக்கைக் கடித்தாள். நாகஜோதி தன் டீ டம்ளரை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு, நல்லா இருக்கு என்று சொன்னாள். அந்தப் பெண் போனதும் மேசையைப் பினாயில் போட்டு இரண்டு தடவை துடைத்தாள்.

புதிய பங்களிப்பாளர் வந்தால் ஒரு வரவேற்பு எழுத வேண்டும். அது முறை. நாகஜோதிக்கு உள்ளிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகைகளிலும் விழா மேடைகளிலும் கேட்ட சொற்களைக் கோத்து எழுதினாள். ‘நம் தொட்டிச்செடி குடும்பத்துக்குப் புதுவரவாக வந்திருக்கும் கார்ட்டூனிஸ்ட் மஹ்ஜபீன் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம். இனி வியாழன்தோறும் அவர் வரைவார்.’ இரண்டே வரியில் முடிந்துவிட்டது, பார்க்கக் கஞ்சத்தனமாக இருந்தது. அதனால் இன்னும் இரண்டு வரி சேர்த்தாள். ‘இது அவருடைய வீடு. அவர் வரையும் அனைத்தும் சுற்றமும் நட்பும் சூழ இங்கே வந்திருந்து, விரும்பும்வரை தங்கலாம்.’

வந்தன. முதலில் உள்ளூர்ப் பூச்சிகள். எரியோடு, வேடசந்தூர், சின்னாளப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவை வியாழக்கிழமை பகலுக்குள் சேர்ந்துவிட்டன. கோயம்புத்தூர்ப் பூச்சிகள் சனிக்கிழமை வந்தன. மஸ்கட்டில் பால்கனித் தோட்டம் வைத்திருந்த அல்போன்சா என்ற வாசகியின் பூச்சிகளுக்கு ஆறு நாள் பிடித்தது. அவை எதையும் தின்னவில்லை. மாடிச் செடிகளின் பக்கம் திரும்பவே இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவரில் அப்பிக்கொண்டு, குமாஸ்தா முகத்தோடு நாகஜோதியைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவள் பார்த்த மாத்திரத்தில் கொல்லைப்பக்கம் ஓடி வாந்தி எடுத்தாள். இளஞ்செழியன் விளக்குமாற்றால் கூட்டி முறத்தில் அள்ளித் தெருக்கோடியில் கொட்டினான். திரும்பி வருவதற்குள் அவை அவனுக்கு முன்னால் வீட்டில் இருந்தன.

இரண்டாம் வியாழன் வெள்ளை ஈ. அலமாரியைத் திறந்தால் புடவையிலிருந்து புகை மாதிரி கிளம்பும். மூன்றாம் வியாழன் கம்பளிப்பூச்சி. அதற்கு மஹ்ஜபீன் ஒரு கறாரான மாமியாரின் முகத்தை வரைந்திருந்தாள். நான்காம் வியாழன் நத்தை. நத்தைகள்தான் நாகஜோதியை உடைத்தன. உள்ளங்கை அகலத்தில், பளபளவென்று எச்சில் கோடு இழுத்தபடி அவை கதவுநிலையில் ஏறின, செருப்புக்குள் சுருண்டுகொண்டன, பல் துலக்கும் பிரஷ்ஷின் மேல் ஒன்று படுத்திருந்தது. அவள் சாப்பாட்டைத் தட்டில் போட்டு, துணியால் மூடி, துணிக்கடியில் கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ இளைத்தாள். கிளினிக்கில் மட்டும்தான் அவளுக்கு மூச்சு வந்தது. அங்கே கருவிகளைக் கொதிக்கும் நீரில் போட்டுவிட்டு ஆவியை முகத்தில் வாங்கிக்கொண்டு நிற்பாள்.

வலைப்பூவோ செழித்தது. பதினோரு பேர் பதினோராயிரமானார்கள். ‘படத்தைப் பார்த்தேன், மறுநாள் செடி சுத்தம்’ என்று எழுதினார்கள். இது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. எரியோட்டிலிருந்து பழனியம்மாள் என்ற பெண் ஒரு மஞ்சள் பை நிறையக் கத்திரிக்காயோடு பஸ் ஏறி வந்தாள். ஒரு காயில்கூட ஓட்டை இல்லை. வாசலில் நின்றவள் சுவரையும் பார்த்தாள், நாகஜோதியையும் பார்த்தாள். மரியாதைக்காக ஒன்றும் கேட்கவில்லை.

“எங்க வீட்டுக்காரரு மருந்தடிக்கிற டப்பாவக் கழட்டி ஆணியில மாட்டிட்டாரு தாயி” என்றாள். “முதுகுல அதத் தூக்கி அடிச்சிட்டு வந்தா ரெண்டு நாளு வாயில சோறு தங்காது. இனி அதத் தொட்டா ஆளு தங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இந்த வெள்ளாமைக்குத்தான் அதத் தொடவே இல்ல. ஒங்க படத்தால.”

நாகஜோதி பையை வாங்கிக்கொண்டாள். உடையப்பன் என்ற அந்த மனிதரை அவளுக்குத் தெரியாது. அவளுக்கு அப்போது தெரிந்ததெல்லாம், பேசும்போதே தன் காதோரம் ஏதோ ஊர்கிறது என்பது மட்டும்தான்.

மறுநாள் மதியம் பிரியாணிக் கடைக்குப் போனாள். சரியான கூட்டம். மஹ்ஜபீன் பில் போட்டுக்கொண்டே தண்டுப்புழுவுக்கு மீசை வரைந்துகொண்டிருந்தாள்.

“போதும் நிறுத்தும்மா. நீ வரையறது அம்புட்டும் என் வீட்டுக்கு வருது.”

“தெரியும்க்கா. அண்ணன் சொன்னாரு.” மஹ்ஜபீன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அடுப்படியில் நின்ற அப்பாவைக் கையால் காட்டினாள். சிரிக்கவில்லை. “நானும் பயந்துபோயி அத்தாகிட்ட சொன்னேன். நம்ம கடைக்கு ஒண்ணும் வரலையே, ஏன்னு யோசிச்சோம். அப்புறந்தான் நீங்க எழுதுனத மறுபடி படிச்சுப் பாத்தேன். வரைஞ்சது நானு. வாங்க, இருந்து போங்கன்னு சொன்னது நீங்கக்கா.”

நாகஜோதி அங்கேயே நின்று, போனை எடுத்து, தான் எழுதியதை முதல் தடவையாக முழுதாகப் படித்தாள். அருவருப்பு இந்தத் தடவை தன் எழுத்தின் மேலேயே வந்தது. மனசில் இல்லாத உபசாரம், அலங்காரத்துக்குச் சேர்த்த இரண்டு வரி. அதைப் பதினோராயிரம் பேர் படித்திருந்தார்கள். பூச்சிகள் மட்டும்தான் நம்பியிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அந்த வரவேற்பை அழித்தாள். மஹ்ஜபீனின் படங்களையும் எடுத்துவிட்டாள். பன்னிரண்டு மணிக்குள் வீடு காலியானது. நத்தைகள் வரிசையாக வாசற்படி இறங்கிப் போனதைத் தெருவே பார்த்தது. ஒரு ஆட்டோ நின்று வழிவிட்டது. நாகஜோதி நான்கு முறை வீட்டைக் கழுவினாள். அன்று சாயங்காலம் கண்ணைத் திறந்துகொண்டு சாப்பிட்டாள். எட்டு நாள் நன்றாகத் தூங்கினாள்.

ஒன்பதாம் நாள் பழனியம்மாள் போன் செய்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். நாகஜோதி கிளினிக்கிலிருந்து அப்படியே போனாள்.

உடையப்பன் ஒல்லியான மனிதர். மூக்கில் குழாய் இருந்தது. கடைவாயில் ஒழுகும் நுரையைப் பழனியம்மாள் முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவர் உடம்பிலிருந்து வந்த வியர்வை, பூச்சிமருந்துக் கடைக்குள் நுழைந்தால் வருமே, அந்த நாற்றம் அடித்தது.

“ஒரே ராத்திரியில பூராவும் திரும்ப வந்திருச்சு தாயி. இலை தெரியல, பூச்சிதான் தெரியுது. வேணாம் வேணாம்னு கையப் புடிச்சேன். கேக்காம டப்பாவ எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. வரப்புல விழுந்து கெடந்தாரு.” அவள் அழவில்லை. “ஒங்க படத்தத் தேடித் தேடிப் பாத்தேன். காணோம். எனக்குத்தான் போன்ல சரியாத் தேடத் தெரியலையோ என்னமோ.”

“இல்லக்கா” என்றாள் நாகஜோதி. “நான்தான் அழிச்சேன்.”

பழனியம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை. அந்த வீட்டுச் சுவரைப் பார்த்தவள் அவள். மறுபடி நுரையைத் துடைக்கத் திரும்பிக்கொண்டாள். நாகஜோதிக்குத் தன் கைகளில் பினாயில் வாசனை வந்தது. எட்டு நாளும் அது அவளுக்கு இனித்த வாசனை. இப்போது அதுவே குமட்டியது. ஆஸ்பத்திரி வராந்தாவின் முனைக்குப் போய், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் வாந்தி எடுத்தாள்.

பிறகு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து போனில் எழுத ஆரம்பித்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எழுதினாள். வாழ்க்கையில் முதல் முறையாகப் பெயர்களை எழுதினாள். ‘மஹ்ஜபீன் வரைகிறார். மாவுப்பூச்சி வரலாம். வெள்ளை ஈ வரலாம். கம்பளிப்பூச்சி வரலாம்.’ நத்தை என்ற சொல்லில் விரல் நின்றுவிட்டது. கண்ணை மூடித் திறந்துவிட்டு அதையும் எழுதினாள். ‘எனக்கு உங்களைப் பிடிக்காது. இனியும் பிடிக்கும் என்று தோன்றவில்லை. ஆனாலும் என் வீட்டில் இருங்கள். படுக்கையறைக்கும் சமையலறைக்கும் வரக் கூடாது. குடிக்கிற தண்ணீரில் விழக் கூடாது. என் உடம்பைத் தொடக் கூடாது. மற்ற இடமெல்லாம் உங்களுக்கு.’ கீழே தன் பெயரைப் போட்டு வெளியிட்டாள். மஹ்ஜபீனுக்குப் போன் செய்து, “படத்தையெல்லாம் மறுபடி அனுப்பும்மா” என்றாள். அந்தப் பெண், “நான் வந்து கூட இருக்கேன்க்கா” என்று சொன்னாள்.

படங்களை மறுபடி வெளியிட்டுவிட்டு அவர்கள் இருவரும் இளஞ்செழியனும் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே அவை வந்துசேர்ந்தன. படுக்கையறை வாசலில் நத்தைகள் நின்றுவிட்டன. சமையலறைக்குள் பறக்கப் போன வெள்ளை ஈக்கள் காற்றிலேயே திரும்பின. எழுதியது எதுவோ அதன்படி, ஒரு சொல் கூடாமல் ஒரு சொல் குறையாமல் நடந்துகொண்டன.

உடையப்பன் பன்னிரண்டாம் நாள் வீடு திரும்பினார். மருந்து டப்பாவைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிட்டதாகப் பழனியம்மாள் சொல்லி அனுப்பினாள். அந்த வருடம் முருங்கைக்கும் அடுத்த வருடம் மக்காச்சோளத்துக்கும் மஹ்ஜபீன் வரைந்தாள்; ஒவ்வொரு புதுப் பூச்சியின் பெயரையும் நாகஜோதி வரவேற்பில் சேர்த்து எழுதினாள். மஹ்ஜபீன் புதன்கிழமைதோறும் வந்து கூடத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சுற்றிலும் இருப்பவற்றைப் பார்த்து வரைவாள்; பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடவும் செய்வாள். அதைக் காணும்போதெல்லாம் நாகஜோதி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அருவருப்பு போகவில்லை. கூடத்தைக் கடக்கும்போது இன்றும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் கடக்கிறாள். வியாழக்கிழமை வாந்தியும் நிற்கவில்லை. அதற்காக அன்று கிளினிக்குக்கு அரை மணி நேரம் தாமதமாக வர டாக்டரிடம் அனுமதி வாங்கியிருக்கிறாள். சொந்தக்காரர்கள் வருவது குறைந்தது. வந்தவர்கள் நாற்காலியைத் தட்டிவிட்டு உட்காரப் பழகினார்கள்.

இந்த வருடம் வீட்டுக் கணக்கெடுப்புக்கு ஜெரின் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் வந்தார். கூடத்தில் உட்கார்ந்து, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார்.

“ரெண்டு பேரு” என்றாள் நாகஜோதி. “மத்ததெல்லாம் விருந்தாளி.”

ஆசிரியர் தன் கால்சட்டையில் ஏறிக்கொண்டிருந்த நத்தையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டு என்று பதிந்துகொண்டார். பிறகு, கூரை ஓடா கான்கிரீட்டா என்று கேட்டார்.