உறுதிமொழிக் கடிதத்துக்குக் கொடுத்த தாள்கள்

1

“என் ஒரிஜினல் சர்டிபிகேட்டக் குடுங்க சார்.”

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னார்கள். இன்று காலை கேட்டுவிட்டேன். இந்தக் கதை பிறந்தது அப்படித்தான்.

கோவில்பட்டிக்கு வெளியே பருத்திக்காட்டை வாங்கிக் கட்டிய பொறியியல் கல்லூரி. நான் இங்கே இயற்பியல் நடத்துகிறேன். தாளாளர் நான்கு வெள்ளைத் தாள்களையும் தன் பேனாவையும் கொடுத்து என்னை ஆபீஸ் அறையில் உட்கார வைத்திருக்கிறார். ‘ஜூலை வரை வேலையை விட்டுப் போகமாட்டேன்’ என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் ஜூலையில் சர்டிபிகேட் கிடைக்கும். எழுதாவிட்டால் அது பீரோவிலேயே கிடக்கும்.

அந்தத் தாள்களில்தான் இதை எழுதுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: கரிசல் மண்ணில் பிறந்த பிரித்திகா வானத்தை ஏக்கத்துடன்

(அடித்துவிட்டேன். 1981-இல் நாகலாபுரத்தில் ஆடு மேய்ப்பவர் வீட்டில் பிரித்திகா யாரும் பிறக்கவில்லை. காளீஸ்வரிதான் பிறந்தாள், அதாவது நான். அவள் பார்த்ததும் வானத்தை இல்லை, கம்ப்யூட்டர் திரையை.)

தொடக்கம் இரண்டு: எம்.எஸ்ஸி. முடித்ததும் பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு இரண்டு மாதப் பயிற்சிக்குப் போனேன். அருகிலுள்ள முப்பது கேலக்ஸிகளை மாதாமாதம் அகச்சிவப்பு ஒளியில் படம் எடுக்கிறார்கள். (‘அருகில்’ என்றால் ஒரு கோடி ஒளியாண்டு. எங்கள் வீட்டில் திருநெல்வேலியே தூரம்.) போன மாதப் படத்தில் இல்லாத புள்ளி இந்த மாதப் படத்தில் முளைத்திருக்கிறதா? அதைத்தான் தேடுகிறார்கள். ஒரு படத்திலிருந்து இன்னொன்றைக் கம்ப்யூட்டர் கழித்துவிடும். ஆனால் தூசி மண்டிய நடுப்பகுதியில் அதற்குக் குழப்பம் வரும். அங்கே மனிதக் கண் வேண்டும். எனக்கு நல்ல கண் என்றார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் சி.டி.யில் படங்களை அனுப்பினார்கள். எட்டயபுரம் ரோட்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பார்ப்பேன்.

இந்த மார்ச்சில் ஒரு புள்ளி அகப்பட்டது. சாதாரண ஒளியில் எடுத்த படத்தில் அந்த இடம் கறுப்பு. ஏதோ ஒரு நட்சத்திரத்துக்கு என்னவோ ஆகியிருக்கிறது, தூசிக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல்.

அம்மாவிடம் சொன்னேன். “இறக்கி வச்ச தோசக்கல்லு இருட்டுல தெரியாது. கை வச்சா சுடும்லா? அந்தச் சூட்டத்தான் படம் புடிக்காவ.”

“அப்போ எவளோ இப்பதான் சுட்டு முடிச்சிருக்கா” என்றாள் அம்மா வேலுத்தாய்.

பெங்களூரிலிருந்து பதில் வந்தது. புள்ளி உண்மைதான். மங்கி வருகிறது. மே கடைசியில் மலைமேல் இருக்கும் தொலைநோக்கியில் மூன்று இரவுகள் கிடைத்திருக்கின்றன. திட்ட உதவியாளர் வேலை உண்டு. வரும் திங்கட்கிழமை அசல் சான்றிதழ்களுடன் வந்து சேரவும். ஜூனில் மழை பிடித்தால் தொலைநோக்கியை மூடிவிடுவார்கள்.* அக்டோபரில் திறக்கும்போது புள்ளி இருக்காது.

நான் அதைத் திரையில் ஒன்பது கட்டங்களாக மட்டும் பார்த்திருக்கிறேன். ஒன்பது சாம்பல்நிறக் கட்டங்கள். அது மங்கும்போது தொலைநோக்கி அறையில் நான் இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் கட்டுரை எழுதத் தெரியும், காரணம் சொல்லத் தெரியாது. சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

(* அந்த மழை எங்களுக்கு வராது. அதன் காற்று மட்டும் வந்து புழுதியை அள்ளிக்கொண்டு போகும்.)

3

வில்லன் வேண்டும். தாளாளரின் கழுகுக் கண்கள்

(இதையும் அடித்தேன். நடந்ததையே எழுதுகிறேன்.)

“புள்ளியப் பாக்கவாம்மா பெங்களூரு போறீய?”

“ஆமா சார்.”

“ஜூலைல போங்களேன். பிள்ளையளுக்குப் பரீட்சையும் முடிஞ்சிரும்.”

“ஜூலைல அது இருக்காது சார்.”

“எது?”

“புள்ளி.”

சிரித்தார். “வருசத்துக்கு நாலு பேரு வாராவ. ஒருத்தி மாப்பிள்ளைங்கா, ஒருத்தி மெட்ராஸுங்கா. நீங்க புள்ளிங்கீய!”

என்னை முதன்முதலில் ‘மேடம்’ என்று கூப்பிட்டவர் இவர்தான். சேர்ந்த அன்று, தோளில் துண்டோடு வாசலில் நின்ற என் அப்பாவை உள்ளே அழைத்து நாற்காலியில் உட்காரச் சொன்னவரும் இவர்தான். அதை இந்தக் கதையிலிருந்து எடுக்க எனக்கு மனசில்லை. அதற்காக மன்னிக்கவும் மாட்டேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சர்டிபிகேட்டை யாரும் எங்களிடமிருந்து பிடுங்கவில்லை. என் பிளஸ் டூ ஹால் டிக்கெட்டை வீட்டு ஆடு தின்றுவிட்டது. அதனால் இவர்கள் கேட்டதும் அம்மாவுக்குச் சந்தோஷம். “ஏட்டி, நம்ம வீட்டுல ஆடு திங்கும், கரையான் திங்கும். இரும்புப் பீரோல்லா, அங்கனயே கெடக்கட்டும்” என்று இரண்டு கையாலும் கொடுத்தாள். படிக்காத வீட்டார்தான் ஆபீஸை இவ்வளவு நம்புவார்கள்.

4

முடிவுகள்.

அ) கிளார்க் முப்பிடாதி அண்ணாச்சி ரகசியமாகப் பீரோவைத் திறந்து எடுத்துத் தருகிறார். (சாவி அவர் இடுப்பில்தான் இருக்கிறது. என்னைப் பார்த்துவிட்டு இரண்டு தரம் அதைத் தொட்டும் பார்த்தார். ஆனால் அவர் மகள் இங்கே இரண்டாம் வருஷம் படிக்கிறாள். அவரை இதில் இழுக்க மாட்டேன்.)

ஆ) உறுதிமொழி எழுதுகிறேன். ஜூலையில் எல்லாம் கைக்கு வருகிறது, ஒன்றைத் தவிர. நல்ல மேடம் என்று பெயர் எடுத்து, நாற்பது வயதில் துறைத்தலைவியாகி

(போதும்.)

“எம்மா, மூணு வரி லெட்டருக்கு நாலு தாளா?” அண்ணாச்சி எட்டிப் பார்க்கிறார்.

“முடிவு வரமாட்டேங்குது அண்ணாச்சி.”

“‘இப்படிக்கு’ன்னு போட்டுக் கையெழுத்தப் போடுங்க. அதான் முடிவு. நானும் வீட்டுக்குப் போவேன்லா.”

5

சார், இதை முதலில் படிக்கப்போவது நீங்கள்தான். உறுதிமொழி இதில் இல்லை, தேட வேண்டாம்.

ஜெராக்ஸை வைத்துக்கொண்டு பெங்களூரில் என்னைச் சேர்ப்பார்களா, தெரியாது. ‘ஒரிஜினல் எங்கே?’ என்று கேட்டுத் திருப்பி அனுப்பலாம். அந்த மூன்று இரவும் மேகம் மூடலாம். புள்ளி ஏற்கெனவே போயிருக்கலாம். ஒன்றுக்கும் எனக்கு முடிவு தெரியாது. தெரிந்தமாதிரி எழுதவும் வரவில்லை. நான்காவது தாளில் பாதி வெறுமையாக இருக்கிறது. உங்களுக்குத் தோன்றுகிற முடிவை எழுதிக்கொள்ளுங்கள். சர்டிபிகேட்டோடு சேர்த்துப் பீரோவில் வைத்துக்கொண்டாலும் சரி.

ஒன்று மட்டும் தெரியும். காலையில் உங்கள் அறைக்கு வரும் முன்பே என் பெட்டியைப் பஸ் ஸ்டாண்ட் பழக்கடையில் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். டிக்கெட் பைக்குள் இருக்கிறது.

இந்த வரியை நின்றுகொண்டு எழுதுகிறேன். உங்கள் பேனாவைத் தாளின்மேல் வைக்கப்போகிறேன், காற்றில் பறக்காமல் இருக்க. அண்ணாச்சி “எம்மா, எங்க போறீய?” என்கிறார். வாசலைத் தாண்டி