பதினேழாம் நம்பருக்கு மட்டும் படம் இல்லை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் ஒருவரிடம் கேட்டு வாங்கியது. இந்த வருஷம், 1974இல், நான் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. காலை ஏழு மணிக்கு என்னோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவர் கன்னியப்பன். ஆவடியில் ராணுவ வண்டிகளுக்கு நம்பர் எழுதும் பெயிண்டர். நான் கிழக்கே போக வேண்டும், அவர் மேற்கே. யாருடைய வண்டி முதலில் வருகிறதோ அதோடு அன்றைய கதை நின்றுவிடும். துண்டு துண்டாக இருப்பதை யாராவது உத்தி என்று பாராட்டினால் அந்தப் பாராட்டு ரயில்வே டைம்டேபிளுக்குச் சேரட்டும்.

கேட்டு ஆறு மாதம் ஆயிற்று. அதிர்ச்சி அடங்கட்டும், பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். அடங்கவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

முதல் வாக்கியங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்:

'ஆவடியில் அன்று நல்ல மழை—' (பெய்யவில்லை. நல்ல வெயில்.)

'சுசீலா மிக அழகானவள்—' (எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.)

'1968ஆம் வருஷம் தங்கவேல் அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்.'

இது நடந்தது. இதிலிருந்தே போகலாம்.

2

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் நாற்பது வீடுகள். எல்லாவற்றுக்கும் ஒரே மஞ்சள் சுண்ணாம்பு, ஒரே பச்சைக் கதவு. வீட்டு நம்பர்கள் போன தடவை அடித்த சுண்ணாம்புக்கு அடியில் போய்விட்டன. ஷிப்ட் முடிந்து வந்த தங்கவேல் ஒரு வரிசை தள்ளி நுழைந்துவிட்டார். சட்டையைக் கழற்றி மாட்டினார், தட்டின் முன்னால் உட்கார்ந்தார். அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ராஜம்மா தன் புருஷன் என்று நினைத்துத் திரும்பாமலேயே பரிமாறினாள். இரண்டாவது தடவை குழம்பு ஊற்றும்போது, "உப்பு கம்மியா கீதே" என்றார் தங்கவேல். "எம் புருஷன் கொயம்ப கொற சொல்ற ஆளில்லியே" என்று ராஜம்மா திரும்பினாள்.

அந்த அலறல் நாலு வரிசைக்கும் கேட்டது என்பார் கன்னியப்பன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஏணி போட்டு, தங்கவேல் வாசலுக்கு மேல் ஒரு சேவலை வரைந்தார். தங்கவேல் வளர்க்கிற அதே சேவல், ஒரு கண் போனது. பார்த்ததும் ராஜம்மா தன் வெள்ளாட்டைப் போடச் சொன்னாள். பொன்னியம்மா தையல் மெஷினைக் கேட்டாள். தேவராஜ் தன் ஆர்மோனியத்தை வெளியே கொண்டுவந்து, கட்டை எண்ணிக்கை தப்பக் கூடாது என்று காவலுக்கு நின்றார். நீலப் பெயிண்ட் வாங்கிய வீடு மிச்சத்தைச் சிவப்பு வாங்கிய வீட்டுக்குக் கொடுத்தது. பெண்கள் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "வாலு இன்னும் தூக்கி இருக்கும்" என்று திருத்தம் சொன்னார்கள். வீட்டுக்குள் எது பெருமையோ அது வாசலுக்கு மேல் வந்தது. எட்டு மாதத்தில், 'ஆர்மோனிய வீடு, ஆவடி' என்று விலாசம் எழுதிய கடிதத்தைத் தபால்காரர் பால்ராஜ் சரியான கதவில் போட்டார்.*

* இது மட்டும் போதும், இனிமையான கட்டுரை ஆகிவிடும், ஏதாவது தீபாவளி மலருக்கு அனுப்பலாம் என்று அன்று நினைத்தேன். அப்போது கன்னியப்பனின் வண்டி வந்தது. ஏறும்போது, "பதினேழாம் நம்பருக்கு மட்டும் படம் இல்ல சார்" என்றார்.

3

கன்னியப்பன் அப்போது அதே குவார்ட்டர்ஸில், பதினெட்டில் இருந்தார். பதினேழு பக்கத்து வீடு. இரண்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்.

அங்கே இருந்தது கஜபதியும் சுசீலாவும். குடியாத்தம் பக்கத்துக்காரர்கள். கஜபதி ஃபேக்டரியில் செக்கர், அளந்து பேசுவார். வந்து மூன்று வருஷம் ஆகியும் பிள்ளை இல்லாத ஜோடி. ஜன்னலுக்கு உள்பக்கம் பேப்பர் ஒட்டியிருக்கும். சுசீலா குழாயடிக்கு எல்லோரும் போன பிறகு வருவாள், நிற்காமல் போவாள். கர்வம் என்றார்கள். படம் போடட்டுமா என்று கன்னியப்பன் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் கதவை ஒரு சாண் திறந்து, "வேணாம்பா" என்றார் கஜபதி.

முதல் பிரதியில் கஜபதியை அரக்கனாக எழுதி வைத்திருந்தேன். சிவந்த கண், முறுக்கிய மீ— [அடித்துவிட்டேன்.] படித்துக் காட்டியபோது கன்னியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணாத்தே அப்டிப்பட்ட ஆளு இல்ல சார். கிழிச்சிப் போடு அத்த."

கிழித்தேன்.

அந்த வீட்டிலிருந்து அவ்வப்போது ஒரு சத்தம் வரும். இழுத்து இழுத்து, பூனை கத்துவதுபோல. கன்னியப்பனின் மனைவி ராணிக்கு அப்போது ஏழு மாதம். மத்தியானம் கண் அசந்தால் அந்தச் சத்தம் எழுப்பிவிடும். ஒருநாள் பொறுக்க முடியாமல் கன்னியப்பன் சுவரில் ஓங்கி ஓங்கித் தட்டி, "அந்தப் பூனைய அவுத்து வுடுங்களேன்!" என்று கத்தினார். அதன் பிறகு சத்தம் வரவில்லை. அடங்கிப் போன பூனையை அவர் மறந்தும்போனார்.

4

கஜபதி அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு ஊருக்குப் போனார். திரும்ப நாலு நாள் ஆகும். போன மறுநாள், சனிக்கிழமை மத்தியானம், சுசீலா பதினெட்டாம் நம்பர் வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, எங்க வீட்டுக்கும் படம் போடணும்."

"தோ வரேன் அண்ணி. இன்னா படம்?"

"எல்லாருக்கும் அவங்க வீட்ல இருக்கறதத்தானே போட்டிருக்கீங்க?"

"ஆமா."

"எங்க வீட்ல இருக்கறதையும் போடுங்க. வந்து பாருங்க."

கையில் எனாமல் பெயிண்ட் டப்பாவோடு கன்னியப்பன் உள்ளே போனார். பின்னறைக் கதவை அவள் திறந்தாள்.

பாயில் ஒரு பெண் படுத்திருந்தாள். பதினோரு வயது இருக்கும். வழித்து வாரிய இரட்டைப் பின்னல், ரிப்பன். கைகால்கள் முருங்கைக் குச்சிபோல மடங்கி இருந்தன. கன்னியப்பனைப் பார்த்ததும் அவள் உடம்பு முழுக்க ஒரு உதறல். அது பயம் என்று இவர் நினைத்தார். சிரிப்பு என்று சுசீலா சொன்னாள்.

"என் பொண்ணு. லோகநாயகி. பொறக்கறப்போ மூச்சு நின்னுபோச்சு. நடக்க மாட்டா, பேச மாட்டா. நாம பேசறது எல்லாம் புரியும்."

டப்பா எப்போது கீழே விழுந்தது என்று கன்னியப்பனுக்குத் தெரியவில்லை. அவரால் அந்தப் பெண்ணைப் பார்க்க முடியவில்லை, சுவரைப் பார்த்தார். பாய்க்கு மேலே, ஒரு முழ உயரத்தில், ஒரு துணி முடிச்சு சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அது இன்னா அண்ணி?"

"உங்க வீட்டு ஆணி தம்பி. ஏதோ மாட்ட அடிச்சீங்கபோல. முனை இந்தப் பக்கம் வந்துடுச்சு. இவ தலை இடிக்காம இருக்கத் துணி சுத்தி வெச்சேன்."

அவர் வீட்டுக் காலண்டர் ஆணி. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மூன்று வருஷமாகச் சாப்பிட்டார், பாட்டுப் பாடினார், ராணியோடு சண்டை போட்டார்.

"அண்ணி... அந்தப் பூனை..."

"இவதான். நீங்க தட்டின நாள்லேர்ந்து சத்தம் வந்தா கையால வாயைப் பொத்திடுவேன்."

குறையாகச் சொல்லவில்லை. அரிசி களைந்தேன் என்பதுபோல் சொன்னாள். "அப்ப எனுக்கு ரெண்டு காதும் அடைச்சுப் போச்சு சார்" என்றார் கன்னியப்பன். அஞ்சாறு வருஷம் கழித்து, காலை வெளிச்சத்தில், பிளாட்பாரத்தில் அதைச் சொல்லும்போது அவர் விரல்கள் தன் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

[இங்கே எட்டு வரி தத்துவம் எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன்.]

ஏன் மறைத்தார்கள்? கஜபதியின் தங்கைக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம், அண்ணன் வீட்டில் இப்படி ஒரு குழந்தை என்று தெரிந்ததும் நின்றது. பழைய ஊரில் தெருப் பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கல் எறிந்தார்கள். கஜபதி மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ஆவடிக்கு வந்தார். லாரியிலிருந்து மகளைப் போர்வையில் சுருட்டி, படுக்கை மூட்டைபோலத் தூக்கி வந்தார். யாரும் கவனிக்கவில்லை. அன்று அந்த லாரியிலிருந்து பெட்டி இறக்கிக் கொடுத்தவரே கன்னியப்பன்தான்.

5

மூன்று நாள் வரைந்தார். முடிகிறவரை யாரும் பார்க்கக் கூடாது என்று படத்துக்கு முன்னால் ஒரு கோணியைத் தொங்கவிட்டார். தாளில் முகத்தை எடுத்துக்கொண்டு போய் ஏணியில் ஏறுவார், மறுபடி உள்ளே வருவார். டர்பன்டைன் வாசனை பட்டால் லோகநாயகி கீச்சென்று சிரித்தாள். இரண்டாம் நாள் ராணியும் வந்தாள். பாயருகே உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே இருந்தாள்.

மஞ்சள் சட்டை வந்தது. ரிப்பன் வந்தது. கண் வந்தது. வாய் மட்டும் நின்றது. லோகநாயகிக்கு வாய் இடது பக்கம் இழுத்திருக்கும். ஓரத்தில் எச்சில் வழியும். கன்னியப்பன் தூரிகையை எடுத்தார், வைத்தார். கடைசியில் வாயை நேராகப் போட்டார். நேராக, லேசான புன்னகையோடு.

சுசீலா கீழே நின்று பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "இவ நல்லபடியா பொறந்திருந்தா இப்படித்தான் இருந்திருப்பா இல்ல தம்பி?" என்று கேட்டாள்.

அதற்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். என் வண்டி வந்துவிட்டது.

6

செவ்வாய்க்கிழமை காலை கூட்டம் கூடிவிட்டது.

"யாருடி இது, உன் தங்கச்சி பொண்ணா?" என்றாள் பொன்னியம்மா.

"என் பொண்ணு. உள்ள இருக்கா."

யாரும் நம்பவில்லை. அப்போது ராணி, தன் வயிற்றோடு, லோகநாயகியைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். இவ்வளவு வெளிச்சம் அந்தக் கண்களுக்குப் பழக்கமில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு பெரிதாக ஒரு சத்தம் போட்டாள். வாயைப் பொத்தச் சுசீலாவின் கை தானாகவே எழுந்தது. பாதியில் நின்றது.

பொன்னியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு வருஷம்... புள்ள இல்லாதவன்னு சொல்லி உன்னிய வளகாப்புக்குக் கூப்புடாம வுட்டேனே, நானு... நீ ஏண்டி ஒரு வார்த்த சொல்லல?"

"கேக்கலியே அக்கா" என்றாள் சுசீலா.

தங்கவேல் துண்டால் வாயை மூடிக்கொண்டார். அந்த நேரத்தில்தான் கையில் பையோடு, மொட்டைத் தலையோடு, கஜபதி வந்து சேர்ந்தார்.

கூட்டம் விலகியது. அவர் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்.

"இது எம் பொண்ணு இல்ல" என்றார்.

ராஜம்மா சட்டென்று காறித் துப்பினாள். "தூ! பெத்த புள்ளயவே—"

"இது எம் பொண்ணு இல்ல!" அவர் குரல் உடைந்தது. "அவளுக்கு வாய் இந்தப் பக்கம் இழுக்கும். பதினோரு வருஷமா இந்த வாய்க்கு நான்தான் சோறு ஊட்டறேன். இந்தக் கோணல்ல ஊட்டினாத்தான் உள்ள போகும். எனக்குத் தெரியாதா? கன்னியப்பா, இது யார் வாய்? யாரைக் கொண்டுவந்து எங்க வீட்டு மேல ஒட்டியிருக்க?"

கன்னியப்பன் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்.

"நான் பயந்துதான் ஒளிச்சேன். ஒத்துக்கறேன். நீ எதுக்குடா ஒளிச்ச?"

(பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். என் முதல் பிரதியில் லோகநாயகிக்கு 'நிலவு போன்ற முகம்' கொடுத்திருந்தேன்.)

"ஏணியப் போடு. மாத்து" என்றார் கஜபதி.

"மாத்தாதீங்க தம்பி." இது சுசீலா. அவள் குரலை அந்தக் காலனி அவ்வளவு உரக்கக் கேட்டதில்லை. "அவளைத்தான் தினம் பாக்கறேனே. இவளை ஒருநாள் பாத்துக்கறேன். இருந்துட்டுப் போகட்டும்."

கன்னியப்பன் ஏணியில் ஏறினார். கையில் தூரிகை இருந்தது. கீழே அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம்.

7

"அப்பறம்?" என்று கேட்டேன்.

"அப்பறம் இன்னா. அன்னிக்கே ஜன்னல் பேப்பர பொம்பளைங்க கிழிச்சிட்டாங்க. தேவராஜி ஒரு நாற்காலிக்கு வார் வெச்சிக் குடுத்தாரு. சாயங்காலமானா அந்தப் பொண்ணு வாசல்லதான் உக்காந்துகினு இருக்கும். சத்தம் போடும். யாரும் பொத்தல."

"படம்? ஏணியில நின்னு என்ன பண்ணீங்க?"

"இன்னா பண்ணேன்னு சொன்னா நீ அத்த எழுதிட்டு நிம்மதியா பூடுவ. நீயா இருந்தா இன்னா பண்ணுவ, அத்தச் சொல்லு."

நேரில் போய்ப் பார்த்தேன். குவார்ட்டர்ஸுக்கு மறுபடி சுண்ணாம்பு அடித்திருக்கிறார்கள். நாற்பது வாசலும் மஞ்சள். அந்தக் குடும்பம் மாற்றலாகிப் போய்விட்டது.

மறுநாள் சொன்னேன்: "மாத்தி வரைவேன். உண்மைதான் முக்கியம்."

"அந்தம்மா பாத்துகினு இருக்கும்போதேவா?"

அடுத்த நாள்: "அப்படியே விட்டுடுவேன்."

"அப்பங்காரன் தெனம் அதுக்குக் கீழ பூந்து உள்ள போவணுமே சார்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தேன். திங்கட்கிழமை பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டேன்:

"அந்தப் பொண்ணுக்கு எல்லாம் புரியும்னு சொன்னாங்களே. அவளைக் கேட்டீங்களா?"

கன்னியப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆவடி வண்டி வந்து நின்றது. ஆட்கள் ஏறினார்கள். விசில் ஊதியது, வண்டி போனது. அவர் எழுந்திருக்கவே இல்லை.

"தோணவே இல்ல சார்" என்றார். "அத்தினி பேரு நின்னோம். ஒருத்தருக்கும் தோணல."

என் வண்டியையும் நான் விட்டுவிட்டேன்.

மூன்று முடிவுகள் எழுதிக் கிழித்தாயிற்று. நாலாவது என் கையில் வரவில்லை. தூரிகையை உங்களிடம் கொடுக்கிறேன். ஏணி அங்கேதான் சாய்த்திருக்கிறது, சிவப்பு இன்னும் காயவில்லை, கீழே எல்லோரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். ஏறுங்கள். ஆனால் ஏறுவதற்கு முன்—