கொடியில் சொட்டும் திரிகள்

அக்காவைக் கட்டிய மாமா கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து, அவர் இருக்கும் இடத்து மழையும் தூசியும் அக்கா வீட்டு நாயின் மேல்தான் இறங்கின. முழங்கால் உயரம்கூட இல்லாத நாய். முடி கயிறு போலத் திரிதிரியாக முறுக்கித் தொங்கி, தரையைக் கூட்டிக்கொண்டே போகும் என்பதால் துடைப்பம் என்று பெயர். தார் உருகும் வெயிலிலும் அது சொட்டச் சொட்ட நனைந்து நிற்கும். சில வாரம் முடியில் உப்புப் பூத்திருக்கும், சில வாரம் செம்மண் படிந்திருக்கும். ஒருமுறை முதுகில் உறைந்த பனி சமையலறைக்குப் போவதற்குள் உருகிவிட்டது. மாமாவிடமிருந்து போன் வருவது நின்றுபோனபின், அக்கா எழுந்ததும் நாயைத்தான் தடவிப் பார்ப்பாள்.

பாடுபட்டது தங்கை. நாய்களுக்கு முடி திருத்தும் கடை வைத்திருந்தாள் அவள். இந்த மாதிரி முடிக்குச் சீப்பு ஆகாது. ஒவ்வொரு திரியையும் வேர்வரை விரலால் பிரித்துவிட்டு, தேய்க்காமல் நுரையில் ஊறவைத்து, துண்டுக்குள் பிழிந்து, நாள் முழுக்க மின்விசிறி முன்னால் உட்காரவைக்க வேண்டும். அப்படிக் காயவைத்து வாசலில் இறக்கிவிட்டால், எங்கோ ஒரு கடலில் மழை பிடித்துக்கொள்ளும். நாய் ஓரிடத்தில் படுக்காது. அக்காவும் உட்காரமாட்டாள், ஜன்னலுக்கும் கதவுக்கும் இருவரும் மாறி மாறி நடப்பார்கள். ஈரம் அடியிலேயே தங்கி, கடைசியில் தோல் புண்ணாகி நாற்றமெடுத்தது.

“மழிச்சுடலாம்க்கா. உயிரோட அழுகுது.”

“மழிச்சுட்டா, அவர் எங்க இருக்காருன்னு எனக்கு யாருடி சொல்லுவா?”

தங்கைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாமா மேல் வந்த கோபத்தை அக்கா மேல் காட்டினாள். “வேணும்னா அவரே சொல்லட்டும். இது என்ன பாவம் பண்ணுச்சு?” என்று மெஷினை எடுத்தாள். அக்கா தடுக்கவில்லை. நாயின் தலையை மடியில் அழுத்திப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மழித்து முடித்ததும் நாய் ஒரு உதறு உதறிவிட்டு அங்கேயே சுருண்டு தூங்கிப்போனது. வெட்டிய திரிகளை அக்கா அலசி, மாடிக் கொடியில் துணிகளோடு தொங்கவிட்டாள். நாயின் புண் ஆறியது. திரிகள்தான் தொடர்ந்து நனைந்தன. “உங்க துடைப்பம் என் போர்வையில சொட்டுது” என்று பக்கத்து வீட்டுக்காரி சண்டைக்கு வந்தாள். கொடியைக் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள்.

வருடங்கள் ஓடின. ஒரு மழைக்காலத்தில் திரிகள் தெருவில் மழை பெய்தால் மட்டுமே நனைந்து, தெரு காயும்போது காயத் தொடங்கின.

“இந்த ஊர்லதான்டி இருக்காரு. வீட்டுக்கு வரலை, அவ்வளவுதான்” என்றாள் அக்கா. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பிற்பகல் ரயில் நிலையத்துப் பக்கம் மட்டும் வானம் கருத்திருந்தது. இங்கே வெயில், திரிகள் சொட்டின. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு அக்கா ஓட, பின்னாலேயே தங்கை ஓடினாள். நடைமேடைக் கோடியில், கூரையில்லாத பெஞ்சில் மாமா நனைந்துகொண்டிருந்தார். கப்பல் வேலை போனபின் அங்கே சுமை தூக்கிப் பிழைத்தாராம்.

“எந்த முகத்தோட வர்றது?” என்றார்.

“இருக்கற முகத்தோட வாங்க” என்றாள் அக்கா.

மாமா இப்போது பட்டறை ஒன்றுக்கு வேலைக்குப் போகிறார். நாய்க்கு முளைத்த புது முடி பஞ்சாக இருப்பதால் தங்கை அதைச் சீப்பாலேயே வாருகிறாள். வெயிலடிக்கும் மாலையில் கொடியில் திரிகள் சொட்டினால், அக்கா அடுப்பில் வெந்நீரை வைத்துவிட்டு, “குடைய மறந்துட்டாரு மனுஷன்” என்கிறாள்.