வலது கண்ணுக்கு ஊசி

முனவ்வர் பேகம் புர்காவை மாட்டிக்கொண்டாள். இன்று வலது கண்ணுக்கு ஊசி. கிளினிக் வேன் வாசலில் நின்றது.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஜோடி சேர்க்கும் மேஜையில் பதினோரு வருடம் நின்றவள் அவள். இடது காலுக்கும் வலது காலுக்கும் போகிற தோல் ஒரே வகையா, ஒரே நிறமா என்று பார்த்து அனுப்பும் வேலை. விழித்திரை கெட்டு இரண்டு கண்ணும் மங்கியதும் வேலை போயிற்று.

"ஸ்டெம் செல் சிகிச்சை இன்னும் ஆராய்ச்சியிலதாம்மா இருக்கு. யாராவது ஊசி போடறேன்னா நம்பிடாதீங்க" என்றார் வேலூர் டாக்டர்.

"அவரு கெடக்காரு. நம்ம ரிஹான் வேன் ஓட்டற கிளினிக்ல போடறாங்க, வா" என்று அழைத்துப் போனவள் பக்கத்து மேஜை ரஃபத் ஜஹான், ரிஹானின் அம்மா, முனவ்வர் அக்காவாக நினைத்து 'ஆபா' என்று கூப்பிடுபவள். மூன்று மாதம் முன்பு இடது கண்ணில் போட்டார்கள். அதன் பிறகு அந்தக் கண்ணில் இருட்டு ஜாஸ்தி. குணமாகும்போது அப்படித்தான் இருக்கும் என்றாள் ரஃபத்.

இடது கண் தேறுகிறதா என்று பார்க்க ரஃபத் வாரா வாரம் கழிவுத் தோல் துண்டுகளைக் கொண்டுவந்து பரப்புவாள். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு முனவ்வர் ஜோடியைச் சுட்டிக் காட்ட வேண்டும். தொடக் கூடாது, பரீட்சை கண்ணுக்குத்தான் என்பது ரஃபத் போட்ட சட்டம். பத்துக்கு ஒன்பது சரி என்பாள். அந்த ஒன்பதை நம்பித்தான் முனவ்வர் மிச்சமிருந்த கண்ணையும் கொடுக்கச் சம்மதித்தாள்.

"கெளம்பறதுக்கு முன்ன ஒரு தபா பாத்துடுடி. தைரியம் வரும்" என்று ரஃபத் துண்டுகளைப் பரப்பினாள்.

வலது கண்ணைப் பொத்திக்கொண்ட முனவ்வர் அவசரத்தில் இரண்டு துண்டுகளைக் கையிலேயே எடுத்துவிட்டாள். கட்டைவிரல் பழக்கத்தில் மடக்கிப் பார்த்தது. ஒன்று மெத்தென்று மடங்கியது, ஆட்டுத்தோல். மற்றது விறைத்தது, மாட்டுத்தோல். ஆடும் மாடும் எந்த ஷூவில் ஜோடி?

"சரியா ஆபா?"

"அச்சு அசல்! இன்னா கண்ணுடி உனக்கு!"

முனவ்வர் மறுபடி துண்டுகளைத் தடவினாள். வேண்டுமென்றே இன்னும் இரண்டு பொருந்தாத துண்டுகளை எடுத்து நீட்டினாள்.

"இது?"

"அதுவும் சரி. வா, நேரமாவுது."

"தொட்டுப் பாரு ஆபா. இது ஆடு, இது மாடு. மூணு மாசமா இப்படித்தான் மார்க் போட்டியா?"

வெளியே ஹாரன் அடித்தது. ரஃபத்தின் குரல் உடைந்தது. "ஆள் கூட்டிட்டு வரலன்னா ரிஹானை வேலையிலேருந்து நிறுத்திடுவோம்னு கிளினிக்ல சொன்னாங்கடி. ஊசியால ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்..."

முனவ்வர் வலது கண்ணிலிருந்து கையை எடுத்தாள். பதினோரு வருடம் எதிரே உட்கார்ந்து சோறு தின்ற முகம் மங்கலாகத் தெரிந்தது. தெரிந்த மட்டும் பார்த்தாள். பிறகு அந்த இரண்டு துண்டுகளையும் ரஃபத்தின் கையில் திணித்தாள்.

"இதை ஜோடி ஷூவா தைச்சு உன் புள்ளைக்குக் குடு. போட்டுக்கிட்டு வேற வீட்டு வாசல்ல போய் ஹாரன் அடிக்கட்டும்."