இறங்கித் தள்ளாத நேர்த்தி

மடு மாதா கோயிலுக்குச் சைக்கிளில் வருவதாக நேர்ந்துகொண்ட நாளில் கணேசமூர்த்திக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் எவனுக்குத்தான் தெரியும்? இங்கே ரோடு என்றால் ஒன்று ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். ஏற்றத்தில் சைக்கிள் நகராது, இறக்கத்தில் நிற்காது. போதாததற்கு அவன் ஆட்டோக்காரன். பிரேக் மிதிப்பதைத் தவிர அவன் கால்கள் வேறு வேலை பார்த்ததில்லை.

ஆனால் வாய் வேலை பார்க்கும். இரண்டு வருடத்துக்கு முன் மனைவி பிரியந்திக்குக் கண்டி ஆஸ்பத்திரியில் இருதய ஆப்பரேசன். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தவன் மாரியம்மனுக்குத் தீச்சட்டி நேர்ந்து முடித்திருந்தான். மனசு ஆறவில்லை. பக்கத்திலிருந்த அம்மா ஒருத்தி மடு மாதா படத்தைக் கையில் கொடுத்தாள். அதற்கு முந்தின நாள்தான் அவன் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தான். ஸ்பெயினில் யாக்கோபு அப்போஸ்தலர் கல்லறைக்கு, ஆதிகாலத்து யாத்திரைப் பாதையில், வெள்ளைக்காரர்கள் வாரக்கணக்காகச் சைக்கிள் மிதித்துப் போகிறார்கள். அந்த நினைப்பில் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொல்லிவிட்டான்:

"தாயே, அவ மூச்சத் திருப்பிக் குடு. எங்க வீட்டு வாசல்ல சைக்கிள் ஏறி ஒங்கிட்ட வர்றேன். எந்த ஏத்தத்துலயும் எறங்கித் தள்ள மாட்டேன்."

அந்தக் கடைசி வரியை மாதா கேட்கவே இல்லை. கேட்காததையும் சேர்த்து அள்ளிக் கொடுப்பது அவன் பரம்பரைக் குணம். ஆழம் தெரியாமல் காலை விட்டவர்கள் உலகத்தில் உண்டு. உயரம் தெரியாமல் காலை விட்டவன் தான் ஒருவன்தான் என்று பிறகு அவனே சொல்லிக்கொண்டான்.

மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். பிரியந்தி எழுந்து வந்தாள். தீச்சட்டியும் எடுத்தாயிற்று. சைக்கிள்தான் பாக்கி. போன ஆவணித் திருவிழாவுக்கு முழங்கால் வலி என்று அவன் தனக்குத்தானே லீவு கொடுத்துக்கொண்டான். அதற்கப்புறம் பயம் பிடித்துக்கொண்டது. வாக்குத் தவறியவன் வீட்டிலிருந்து கொடுத்ததை மாதா திருப்பி எடுத்துவிட்டால்? மனைவியிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஹட்டனில் கியர் சைக்கிள் வாங்கி வந்தபோது, தொப்பை குறைக்க என்றான். தொப்பை முன்னால் வந்து சாட்சி சொன்னதால் அவளும் நம்பினாள்.

மடு எங்கேயோ வன்னிக் காட்டில் இருக்கிறது. அந்தத் தூரம் அவனை மிரட்டவில்லை. லயத்து வீட்டு வாசலிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறும் மேடுதான் மிரட்டியது. ஒரு மாதமாக விடியற்காலையில் ஏறிப் பார்க்கிறான். பாதி மேட்டில் மாரியம்மன் கோயிலடி ரோட்டு வளைவு வந்ததும் சைக்கிள் நின்றுவிடும். அம்மனுக்கு மாதா மேல் ஒரு வருத்தமும் இருக்காது. வருத்தமெல்லாம் தொப்பை மேல்தான் என்பது அவன் முடிவு.

இந்த வருடத் திருவிழாவுக்குத் தோட்டத்து ஆட்கள் பஸ் பிடித்திருந்தார்கள். பிரியந்தியும் அதில் வருவதாக இருந்தாள். முன்கூட்டியே புறப்பட்டால்தான் சரியாக இருக்கும் என்று, பஸ்ஸுக்கு நாலு நாள் முன்பே, அவளிடம் சொல்லாமல், காலையில் பையைக் கட்டிக்கொண்டு அவன் மிதித்தான். வளைவில் முன்சக்கரம் கல்லில் ஏறியது. ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக, பார்க்க உலகம் சுற்றுகிற ஆள் போலவே, ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தான்.

வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற பெண்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். அவர்களில் பிரியந்தி மட்டும் நின்றாள். எழுந்து மேலே தள்ளிக்கொண்டு போவதை விட்டு, அவன் சைக்கிளைக் கீழே திருப்பினான். மறுபடி வாசலிலிருந்து தொடங்க வேண்டும். இறக்கத்தில் தள்ளக் கூடாது என்று அவன் நேரவில்லையே. பைத்தியமா என்று கேட்டாள் அவள். அடிபட்ட முழங்காலும் ஒரு மாத அவமானமும் சேர்ந்துகொள்ள, அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பயத்தையும் சொன்னான்.

அவளுக்குக் கோபம்தான் வந்தது. தன் உயிரை வைத்து நேர்ந்ததைத் தன்னிடமே மறைத்தானே என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டே அவனோடு வாசல் வரை இறங்கி வந்தாள். வந்ததும் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்தாள்.

"ஏறுங்க. நான் தள்ளுறேன். நீங்கதானே எறங்கக் கூடாது."

அவன் பதறிப் போனான். "வேணாம் புள்ள. ஒன் நெஞ்சு தாங்காது."

"ஒரு வருசமா இந்த மேட்டுலதான் ஏறிப் போயி கொழுந்து எடுக்குறேன். நீங்க பாக்கவே இல்லியா?"

அவன் பார்க்கவில்லை. அவள் மாத்திரை விழுங்குவதைப் பார்த்தான், கிளினிக் கார்டைப் பார்த்தான், தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்த்தான். அவள் நடப்பதைப் பார்க்கவில்லை. அது அவனைச் சுருக்கென்று குத்தியது. ஏறி உட்கார்ந்தான்.

அவள் தள்ளினாள். அவன் மிதித்தான். காதெல்லாம் பின்னால் இருந்தது. ஒரு காலத்தில் பீலித் தண்ணீர் எடுக்கப் போகிற வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்தியவள், இப்போது கங்காணியின் மகள் கல்யாணக் கதையை விடாமல் சொல்லிக்கொண்டே தள்ளுகிறாள். வளைவைத் தாண்டியாயிற்று. கதை நிற்கவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குள்ளே அவனுக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் விழுவான் என்பதால் அழுதுகொண்டே மிதித்தான்.

மெயின் ரோட்டில் அவன்தான் வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு, தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். கண்டிக்கும் மாத்தளைக்கும் நடுவில் ஒரு பெரிய மேடு இருக்கிறது, அங்கே என்ன செய்வது என்று அவன் சின்னக் குரலில் கேட்டான்.

"எறங்கித் தள்ளுங்க," என்றாள் பிரியந்தி. "உசுரு என்னோடது. மாதாகிட்ட நான் பேசிக்கிறேன்."

பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் திரும்பி ஓடினாள். அவள் ஓடுவதை, தேயிலைக்குள் மறையும் வரை, அவன் நின்று பார்த்தான்.