கை இறங்கும் வரை

எங்கள் கூடைப்பந்து அணியின் மேலாளருக்கு ரசிகர்கள் வைத்த பெயர் கத்தரி. வந்த முதல் வருஷமே நல்ல ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக வெட்டி எறிந்தான், அதனால் வந்த பெயர். வெட்டுக்கு அவன் வைத்த பெயர் மறுகட்டுமானம். கட்டியதை இன்றுவரை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, பள்ளம்தான் தெரிகிறது.

நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். என் மனைவி பல் கட்டும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மருத்துவர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து மெழுகில் ஈறு வைத்துப் பல் பதிப்பாள். பொறுமையான கை, பொறுமை என்றால் என்னவென்றே தெரியாத வாய். கத்தரி வெட்டியவர்களில் ஒருவன் அவளுடைய தம்பி, என் மச்சான்.

வெட்டிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மனைவியை வெறும் வாயாடி என்று நினைத்துவிடுவீர்கள். மச்சானுக்கு முட்டி வீங்கியிருந்தது. 'நீ இல்லாமல் ஆட முடியாது' என்று கத்தரியே கெஞ்சி, ஊசி போட்டு ஆட வைத்தான். சீசன் முடிந்ததும் 'முட்டி போன ஆள்' என்று சொல்லிவிட்டான். அதையும் நேரில் சொல்லவில்லை. பயிற்சிக்குப் போன மச்சானின் நுழைவு அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. காவலாளி உள்ளே போய், அவனுடைய ஷூ, துண்டு, சட்டை எல்லாவற்றையும் ஒரு கறுப்புக் குப்பைப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அந்தப் பையோடுதான் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

பையை அவள் எறியவில்லை. மடித்து, சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள்.

பிறகு ரசிகர்களைக் கூப்பிட்டுக் கத்தரி ஒரு கூட்டம் போட்டான். என் மனைவி எழுந்து நின்று தம்பியைப் பற்றிக் கேட்டாள். அவன் சிரித்த முகமாகச் சொன்னான்: "வீட்டைப் புதுசா கட்டணும்னா பழைய சாமானைத் தெருவுல வைக்கத்தானேம்மா வேணும்?" கூட்டம் கைதட்டியது. கத்தரியைக்கூட ஒரு நாள் மன்னித்திருப்பாளோ என்னவோ, அந்தக் கைதட்டல் அவளுக்கு வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியதாகிவிட்டது.  வீட்டுக்குள் வந்ததும், "அவனை அழவைக்காம நான் ஓயமாட்டேன்" என்றாள். நானும் "ஆமா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

இந்த சீசனில் தோல்விக்கு மேல் தோல்வி. ஒவ்வொரு தோல்விக்கும் பிறகு அரங்கத்துக்கு எதிரே இருக்கும் காபிக்கடையில் எங்கள் வழக்காடு மன்றம் கூடும். கத்தரியின் பக்கம் பேசுகிறவர் மருந்துக்கடைக்காரர்.

"கடைசி இடத்துல முடிச்சாத்தான் புதுப் பசங்கள்ல முதல் ஆளை நாம எடுக்கலாம். இந்த வருஷம் வரப்போற அந்த நெட்டைப் பையன் ஒருத்தன் வந்துட்டா பத்து வருஷத்துக்கு நம்மதான். பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றார்.

"பொறுக்கறது நம்ம, ஆள்றது அவனா?" என்றேன்.

"மருந்துன்னா கசக்கத்தான் செய்யும், தம்பி."

"கசந்தா குடிக்கலாம். இது விஷமாச்சே!"

என் மனைவி கோப்பையைக் கீழே வைத்தாள். "அண்ணே, ரெண்டு பல்லு ஆடுச்சுன்னா ரெண்டைத்தான் எடுப்பாங்க. இவன் நல்ல பல்லு அத்தனையும் பிடுங்கிப்போட்டு, தங்கப் பல்லு ஒண்ணு வருது, வாயைத் திறந்துக்கிட்டு உக்காருங்கன்றான். அதுவரைக்கும் எதை வெச்சு மெல்றது?"

கடையே சிரித்தது. மருந்துக்கடைக்காரர் மட்டும் விடாமல், "கட்டட வேலை நடக்கும்போது தூசி பறக்கத்தான் செய்யும்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

அவரையும் கத்தரியே எங்கள் பக்கம் தள்ளிவிட்டான். கடைசி வாரங்களில் மிச்சமிருந்த நல்ல ஆட்டக்காரர்கள் இருவரையும் 'காய்ச்சல்' என்று பெஞ்சில் உட்காரவைத்தான். "அரங்கத்துக்குப் பக்கத்துல என் கடை ஒண்ணுதான்" என்றார் மருந்துக்கடைக்காரர், முகம் சிவந்து. "காய்ச்சல்னு ஒருத்தனும் மாத்திரைக்கு வரலியே! வேணும்னே தோக்கறான். காசு கொடுத்து நம்மளைத் தோக்கறதைப் பாக்க வைக்கறான்."

அப்போதுதான் என் மனைவி தன் திட்டத்தை எடுத்துப் போட்டாள். கடைசி ஆட்டம் சொந்த அரங்கத்தில். அதில் தோற்றால் நமக்குக் கடைசி இடம், கத்தரிக்கு நெட்டைப் பையன். ஜெயித்தால் கடைசி இடம் கைவிட்டுப் போய்விடும், நெட்டைப் பையன் வேறு அணிக்கு. மறுகட்டுமானம் மண்மேடு. உரிமையாளர் கத்தரியைச் சும்மா விடமாட்டார்.

"அவன் தோக்கணும்னா நாம ஜெயிக்கணும்" என்றாள். "ஒரு நாற்காலி காலியா இருக்கக்கூடாது. நம்ம பசங்க காதுல விழற சத்தத்துல அவங்களுக்கே ரோஷம் வரணும்."

எதிரணியின் வீசுபவர்களைக் குலைப்பது எங்கள் பொறுப்பு. அதற்கு ஒரு முறை உண்டு. கூடைக்குப் பின்னால் இருக்கும் இருக்கைகள் முழுக்க நாங்கள்தான். எதிரணி ஆள் தனி வீச்சுக்கு, அதாவது யாரும் மறிக்காமல் நின்ற இடத்திலிருந்து கூடைக்கு எறிய, நிற்கும்போது என் மனைவி கையைத் தூக்குவாள், யாரும் மூச்சுவிடமாட்டோம். பந்து அவன் விரலைவிட்டுக் கிளம்பும் நொடியில் கை இறங்கும், நாங்கள் ஒரே குரலாகக் கத்துவோம். பாதிப் பேருக்குக் கை உதறிவிடும். அவள் கை இறங்காமல் யாரும் வாய் திறப்பதில்லை என்பது எழுதாத சட்டம்.

கடைசி ஆட்டத்தில் எதிரணி எது என்று நான் இன்னும் சொல்லவில்லை. மச்சானை ஒட்டுத்துணி போல சீசன் நடுவில் சேர்த்துக்கொண்ட அணிதான் அது.

முந்தின நாள் மாலை அவன் தொலைபேசியில் அழைத்தான். அவள் கையில் மெழுகு, அதனால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, நாளைக்கு ஜெயிச்சா நாங்க அடுத்த சுத்துக்குப் போவோம். போனா எனக்கு அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போடறேன்னு சொல்லியிருக்காங்க. இல்லன்னா மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இந்த முட்டியை வெச்சுக்கிட்டு வேற எவன் எடுப்பான்?"

"ம்."

"நீ கூடைக்குப் பின்னாடிதானே நிப்ப? நல்லா திட்டு. மத்த ஊர்ல எல்லாம் உன் குரலை நானே நினைச்சுக்கிட்டுப் போடறேன். நாளைக்கு நேர்லயே கேக்கலாம்."

இதை விளக்க வேண்டும். சின்ன வயதில் யாராவது சத்தம் போட்டால் அவனுக்குக் கை நடுங்குமாம். 'ஊர் திட்டறதுக்கு முன்னாடி நானே திட்டிடறேன்' என்று இவள் கூடைக்கு அடியில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டுவாளாம். ஒட்டடைக்குச்சி, எருமை, தண்டச்சோறு. திட்டத் திட்டப் பந்து விழுந்ததாம். எங்கள் அணியில் ஆடிய காலம் முழுக்க, அவன் வீசும்போது அரங்கமே அமைதியாக இருக்கும், இவள் குரல் ஒன்று மட்டும் கேட்கும். மற்றவர்கள் 'அவ வாய் அப்படி' என்று விட்டுவிட்டார்கள். விஷயம் தெரிந்தவர்கள் அக்கா தம்பி இருவரும் நானும் மட்டும்.

தொலைபேசியை வைத்ததும் கேட்டேன். "என்ன செய்யப்போறே?"

"கூட்டத்தை வரச்சொல்லியாச்சு" என்றாள். பிறகு எழுந்துபோய் ஆணியில் மாட்டியிருந்த கறுப்புப் பையை எடுத்து, இன்னும் சின்னதாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். "நாளைக்கு அந்தக் கத்தரி சாமானைத் தூக்கிட்டு வெளிய வரும்போது நான் கதவுகிட்ட நிப்பேன்."

மறுநாள் பகலில் ஆட்டம். ஒரு நாற்காலி காலியில்லை. எங்கள் பையன்கள் பேய்பிடித்ததுபோல் ஆடினார்கள். மேலே கண்ணாடி அறையில், உரிமையாளருக்குப் பக்கத்தில் கத்தரி. எங்கள் பையன்கள் பந்தைக் கூடையில் போடும்போதெல்லாம் அவன் முகம் விழுந்தது. அதைப் பார்க்க எங்களுக்கு இனித்தது, பொய் சொல்வானேன்.

கடைசி சில நொடிகளில் இரண்டு பக்கமும் சமம். மச்சான் பந்தோடு உள்ளே பாய்ந்தான், எங்கள் பையன் ஒருவன் அவனைத் தள்ளிவிட்டான். நடுவர் விசில் ஊதினார். மச்சானுக்கு இரண்டு தனி வீச்சு, நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கூடையில். ஒன்று விழுந்தாலே போதும், அவன் பிழைத்துவிடுவான்.

என் மனைவி கையைத் தூக்கினாள். கூட்டம் வாயை மூடியது. மச்சான் பந்தைத் தரையில் தட்டிவிட்டு எங்களைப் பார்த்தான். உதட்டில் லேசாகச் சிரிப்பு. பந்து கிளம்பியது. கை இறங்கவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை. பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தது.

மருந்துக்கடைக்காரர் என் காதருகே குனிந்தார். "தம்பியாச்சே, பாவம். பாசத்துல வாயடைச்சுப் போச்சு. நமக்கு அதுவே நல்லதாப் போச்சு."

 அவள் தோளைப் பிடித்தேன். "திட்டு. வாயைத் திறடி. அவன் காத்துக்கிட்டிருக்கான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. "மேல பாருங்க" என்றாள்.

பார்த்தேன். கத்தரி எழுந்து நின்றிருந்தான். இரண்டு கையையும் மார்போடு சேர்த்து, என் மச்சானைப் பார்த்தபடி உதடு அசைய வேண்டிக்கொண்டிருந்தான். தெருவில் தூக்கி வைத்த பழைய சாமானிடம்தான் அவன் பிழைப்பு இப்போது மாட்டிக்கொண்டிருந்தது.

மச்சான் இரண்டாவது பந்தை வெகுநேரம் தட்டினான். சிரிப்பு போயிருந்தது. நேராக அக்காவைத்தான் பார்த்தான். அவள் கை அப்படியே மேலே நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை, "போடுடா எருமை!" என்று நானே கத்தினேன். அவ்வளவு பெரிய அமைதியில் என் குரல் யாருடையதோ போல் ஒலித்தது. அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பந்து வளையத்தைக்கூடத் தொடவில்லை.

வளையத்தைத் தொடாததால் பந்து எங்கள் அணிக்கு வந்தது. எங்கள் பையன் ஒருவன் அதை வாங்கிக்கொண்டு ஓடி, மணி அடிக்கும்போது மறுமுனைக் கூடையில் போட்டான். அரங்கம் இடிந்துவிழும் போலிருந்தது. மருந்துக்கடைக்காரர் அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தார். மேலே உரிமையாளர் கத்தரியின் முகத்துக்கு நேராக விரலை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். அதற்கப்புறம்தான் அவள் கை மெல்ல இறங்கியது.

தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்பார்கள். இங்கே அறுந்தது அவள் மூக்கு அல்ல.

பின்பக்கக் கதவுக்கு வெளியே வெயிலில் நின்றோம். கத்தரியை அங்கேயே வேலையைவிட்டு அனுப்பிவிட்டதாக அதற்குள் சேதி வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவனே வெளியே வந்தான், கையில் கோட்டு, கண் சிவந்திருந்தது. அழுதிருந்தான். அவள் அவன் குறுக்கே போய்க் கறுப்புப் பையை நீட்டினாள்.

"சாமான் போட்டுக்க."

அவன் பையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். துப்புரவு வேலைக்கு வந்தவள் என்று நினைத்தான் போலிருக்கிறது. "குப்பை எதுவும் இல்லம்மா" என்று தணிவாகச் சொல்லிவிட்டு, விலகித் தன் காருக்குப் போனான். அவனுக்கு அவளை ஞாபகமில்லை. பையையும்தான்.

ஞாபகமிருந்த ஒரே ஆள் அவனுக்குப் பின்னாலேயே கதவுக்கு வெளியே வந்தான். தோளில் மூட்டை, நொண்டி நொண்டி நடந்தான். அக்கா கையில் இருந்த பையைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். கார் போன திசையைப் பார்த்தான்.

"இதுக்காகவாக்கா?" என்றான்.

"உனக்கு வேற வேலை கிடைக்கும்டா" என்றாள் அவள். "அவனுக்கு இப்படி ஒரு நாளை நான் வேற எப்படிக் கொடுக்கறது?"

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, சின்னப் பையன்போல் அவள் முன்னால் நின்றான்.

"இப்பவாவது திட்டுக்கா" என்றான்.

அவள் வாயைத் திறந்தாள்.  ஒட்டடைக்குச்சி என்றாவது சொல்லிவிடமாட்டாளா என்று நான் காத்திருந்தேன். அவளுக்குக் குரல் வரவில்லை.